ஒட்டுப்பால் பந்தும் பால் டின் வண்டியும்: பேராக் தோட்டப்புறச் சிறார் விளையாட்டுகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குடியேற்றம், கங்காணி முறை, கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகியவை குறித்து நல்ல ஆய்வுகள் நமக்குக் கிடைக்கின்றன. ஆயின், தோட்டங்களில் பிறந்து வளர்ந்த சிறார் தம் ஓய்வுப் பொழுதில் எவற்றைக் கொண்டு விளையாடினர், அவற்றை எவ்வாறு செய்தனர் என்பன குறித்து எழுதப்பட்டவை மிகச் சிலவே. தோட்ட நிர்வாகக் குறிப்புகளிலும் தொழிலாளர் துறை ஆவணங்களிலும் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி வயதினராகவோ வருங்காலத் தொழிலாளராகவோ மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்தம் விளையாட்டுப் பொருள்களோ சில நாள் பயன்பட்டு உடைந்து அழிந்தவை. எந்தக் காப்பகத்திற்கும் சென்று சேராதவை.

பேராக் மாநிலத்தில் ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களின் சிறார், வீட்டிலும் தோட்டத்திலும் கழிக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு அமைத்துக்கொண்ட வெளிப்புற விளையாட்டுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. 1920களிலிருந்து 1980கள் வரையிலான காலம் இதன் எல்லையாகும். இவ்விளையாட்டுப் பொருள்களை வறுமையின் அடையாளமாகவோ பழமையின் இனிமையாகவோ மட்டும் காண்பது போதாது. பேராக் உலகச் சந்தைக்கு அனுப்பிய இரு பெரும் பொருள்களான வெள்ளீயமும் இரப்பரும், அவற்றை விளைவித்தோரின் பிள்ளைகளிடம் எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்பதை இப்பொருள்கள் காட்டுகின்றன. எனவே இவை வரலாற்றுச் சான்றுகளாகப் பதிவுசெய்யத் தக்கவை என்பது நமது கருத்தாகும்.

வெள்ளீயமும் இரப்பரும்

பேராக்கின் பொருளியல் வரலாறு கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தோடு தொடங்குகிறது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உலகின் வளமிக்க ஈய வயல்களுள் ஒன்றாகக் கிந்தா விளங்கியது. ஈப்போ நகரம் அவ்வளத்தின்மீது எழுந்ததே. இங்குத் தோண்டப்பட்ட ஈயமணல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருக்கப்பட்டு மேலை நாடுகளுக்கு ஏற்றுமதியானது. அங்கு மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசப்பட்டு உணவு அடைக்கும் டின்களாக உருப்பெற்றது. அவ்வாறு உருப்பெற்ற டின்களுள் ஒரு பகுதி கெட்டிப்பாலையும் சார்டின் மீனையும் சுமந்துகொண்டு மலாயாவுக்கே திரும்பி வந்தது. இன்று நெஸ்லே என அறியப்படும் நிறுவனம் 1912ஆம் ஆண்டில் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் என்னும் பெயரில் பினாங்கில் தன் வணிகத்தைத் தொடங்கியது. பெட்டாலிங் ஜெயாவில் அதன் முதல் தொழிற்சாலை அமைந்தது 1962ஆம் ஆண்டிலேயாகும். அதற்குமுன் தோட்டத்துக் கடைகளுக்கு வந்த கெட்டிப்பால் டின்கள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவையே.

இரப்பரின் பயணமும் இத்தகையதே. பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ஆட்சியாளராக இருந்த ஹியூ லோ அவற்றை வளர்த்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியபின் இரப்பரின் தேவை பெருகியது. மோட்டார் வண்டிகளின் வருகை அதனைப் பன்மடங்காக்கியது. பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. தென்னிந்தியத் தமிழர் அங்குக் குடியேற்றப்பட்டனர். அவர்கள் சீவிய மரத்தின் பால் தாளாகி, மேலை நாடுகளுக்குச் சென்று, மிதிவண்டிக் குழாயாகவும் டயராகவும் திரும்பி வந்தது. அக்குழாய் ஒட்டுப்போட முடியாத அளவுக்குத் தேய்ந்த பின்னரே சிறுவனின் கைக்குக் கிட்டியது. தந்தையும் தாயும் விடியற்காலையில் மங்கில் ஏந்திய பாலுக்கும் மகன் மாலையில் கையிலேந்திய லாஸ்டிக்குக்கும் இடையே இரு கடற்பயணங்கள் இருந்தன என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

மரபின் தொடர்ச்சி

தோட்டத்துச் சிறாரின் விளையாட்டுகள் அனைத்தும் இங்கே புதிதாகத் தோன்றியவை அல்ல. கழங்கு, பந்து, வண்டல் முதலான விளையாட்டுகளைச் சங்க இலக்கியம் குறிப்பிடுகின்றது. பிள்ளைத்தமிழின் பருவங்களுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களாக அமைகின்றன. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாது உருட்டும் மூன்று உருளைச் சிறுதேரின் வழியை, கோழியை ஓட்ட மகளிர் எறிந்த பொற்குழை தடுக்கிறது. அது செல்வ வளத்தைக் காட்ட எழுந்த காட்சி. தோட்டத்துச் செம்மண் சடக்கில் உருண்ட பால் டின் வண்டியின் வழியில் அத்தகைய தடை எதுவும் இல்லை. எனினும், உருளும் ஒன்றை இழுத்துச் செல்லும் விருப்பம் இரு காலத்திற்கும் பொதுவானதே.

தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலில் பண்டைய, இடைக்கால, இக்கால விளையாட்டுகளைத் தொகுத்துள்ளார். அந்நூலில் இடம்பெறும் பாண்டி, கிட்டிப்புள், கோலி, பம்பரம், பல்லாங்குழி போன்றவை தோட்டங்களிலும் ஆடப்பட்டன. ஆட்ட விதிகள் பெரிதும் மாறவில்லை. மாறியவை ஆட்டப் பொருள்களே. கழங்காடுதற்குக் கழற்சிக்காயும் பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் சோழியும் தமிழகத்தில் பயன்பட்டன. தோட்டத்தில் இவற்றின் இடத்தை இரப்பர்க் கொட்டை பிடித்தது. அமேசான் காட்டிலிருந்து வந்த மரமொன்றின் வித்து, தமிழரின் தொன்மையான விளையாட்டுக்குக் காயாக அமைந்தது பண்பாட்டு வரலாற்றில் சிறு செய்தியன்று.

இவ்விளையாட்டுகள் அண்டை இனத்தாரின் விளையாட்டுகளோடு உறவு கொண்டிருந்தமையும் குறிப்பிடத்தக்கது. மலாய்ச் சிறுமியரின் சொங்காக் நம் பல்லாங்குழியை ஒத்தது. இரு முனைகளிலும் அமைந்த பெரிய குழிகளே அதன் வேறுபாடு. பத்து செரெம்பான் எனப்படுவது அஞ்சாங்கல்லை ஒத்தது. கற்களுக்குப் பதிலாக அரிசியோ மணலோ நிரப்பிய சிறு துணிப்பொதிகளைக் கொண்டும் அஃது ஆடப்படும். மலாய் மக்களின் பொழுதுபோக்குகளைப் பற்றி வில்கின்சன் 1910ஆம் ஆண்டிலேயே தனி நூல் வெளியிட்டார். தோட்டத்துத் தமிழ்ச் சிறாருக்கு அவ்வாறு ஒருவர் அமையவில்லை. இழப்பின் தொடக்கம் அதுவே எனலாம்.

இரப்பர் மரம் தந்தவை

இரப்பர் மரத்தின் காய் மூன்று அறைகளை உடையது. அறைக்கு ஒரு கொட்டை வீதம் மூன்று கொட்டைகள் இருக்கும். வெயில் காலத்தில் காய் உலர்ந்து ஓசையுடன் வெடித்துக் கொட்டைகளைப் பல மீட்டர் தொலைவுக்குச் சிதறவிடும். பழுப்பு நிறத்தில் வரிகளும் புள்ளிகளும் கொண்ட வழவழப்பான அக்கொட்டைகள் காசு கொடுக்காமல் கிடைத்த ஆட்டக்காய்கள். அவற்றைக் கொண்டு ஆடப்பட்ட ஆட்டங்கள் பல.

அவற்றுள் முதன்மையானது கொட்டை உடைக்கும் ஆட்டம். ஒருவன் கொட்டையின்மேல் மற்றவன் கொட்டையை வைத்துக் கைமுட்டியால் ஓங்கிக் குத்துவர். உடையாத கொட்டைக்கு உரியவன் வென்றவனாவான். பல போட்டிகளில் உடையாமல் நின்ற கொட்டைக்குத் தனி மதிப்பு இருந்தது. எந்த மரத்தின் கொட்டை கடினமானது, எந்த வடிவம் நிலைத்து நிற்கும் என்ற தேர்ச்சியும் சிறுவரிடையே வளர்ந்தது. கொட்டையைச் சிமெண்டுத் தரையில் விரைந்து தேய்த்துச் சூடேற்றி, அருகிலிருப்பவரின் கையில் வைத்து விளையாடியதைத் தோட்டத்தில் வளர்ந்தோர் எவரும் மறந்திருக்க மாட்டார். உராய்வால் வெப்பம் பிறக்கும் என்னும் பாடத்தைப் பள்ளிக்கு முன்பே தோல் கற்றுக்கொண்டது.

கொட்டைக் காற்றாடி இன்னும் நுட்பமானது. கொட்டையின் இரு முனைகளிலும் பக்கவாட்டிலும் துளையிட்டு உள்ளிருக்கும் பருப்பை நோண்டி எடுப்பர். முனைத் துளைகளின் வழியே மெல்லிய குச்சியைச் செலுத்தி, அதன் உச்சியில் மூங்கில் சிம்பாலான இறக்கையைப் பொருத்துவர். குச்சியில் கட்டிய நூலைப் பக்கத் துளை வழியே வெளியே கொணர்வர். நூலை இழுத்தால் இறக்கை சுழலும். இழுவையைத் தளர்த்தினால் சுழற்சியின் வேகத்தாலேயே நூல் மீண்டும் குச்சியில் சுற்றிக்கொள்ளும். மீண்டும் இழுத்தால் எதிர்த்திசையில் சுழலும். துளையின் அளவு பெரிதானால் குச்சி ஆடும், சிறிதானால் சிக்கும். ஆகவே இதனைச் செய்து முடிப்பதற்குப் பொறுமையும் கைத்திறனும் வேண்டியிருந்தன.

அடுத்து வருவது ஒட்டுப்பால் பந்து. மரத்தின் வெட்டுக்கோட்டில் பால் வடிந்து நின்றபின் உறைந்து கிடக்கும் மெல்லிய இழையே ஒட்டுப்பால். இவ்விழைகளை உரித்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றினால் பந்து உருவாகும். கடைப் பந்துகளையும் விஞ்சி இது துள்ளும். நடு அமெரிக்க மக்கள் ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன்னரே வேறோர் இன மரத்தின் பாலிலிருந்து பந்து செய்தமைக்கு மெக்சிகோவின் எல் மனாத்தி என்னுமிடத்தில் அகழ்வுச் சான்று கிடைத்துள்ளது. உலகில் இரப்பரின் மிகப் பழைய பயன்களுள் ஒன்று விளையாட்டு என்பது இதனால் புலனாகும். தோட்டத்துச் சிறார் தாமறியாமலே அப்பழைய பயனுக்கு மீண்டனர். கந்தகம் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தப்படாத இரப்பராதலால், வெயிலில் இப்பந்து பிசுபிசுத்து மண் ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் துள்ளலும் குன்றும். அப்போது புதிய இழைகளை அதன்மேல் சுற்றுவர்.

ஒட்டுப்பாலைக் கழிவுப்பொருள் எனக் கூறுவதில் ஒரு சிக்கல் உண்டு. அதனையும் சேகரித்து, எடையிட்டு, விற்பது தோட்டத்தின் வழக்கம். தொழிலாளருக்கு அதற்கும் ஒரு சிறு தொகை கிடைத்தது. எனவே பந்துக்காக உரிக்கப்பட்ட இழை, கணக்கில் சேரவேண்டிய பொருளாகும். கங்காணியின் கண்ணில் படாமல் அதனைச் சேர்க்க வேண்டியிருந்தது. எது கழிவு, எது சொத்து என்பதைத் தோட்ட நிர்வாகம் ஒருவாறும் சிறுவர் வேறொருவாறும் வரையறுத்தனர் என்பதற்கு ஒட்டுப்பால் பந்து நல்ல சான்று.

லாஸ்டிக் எனப்பட்ட உண்டிவில் இம்மூன்றனுள் பிந்தியது. கொய்யா மரத்தின் கவைக்கொம்பு, மிதிவண்டியின் பழைய உட்குழாயிலிருந்து வெட்டிய இரு பட்டைகள், தேய்ந்த காலணியின் தோல் துண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் லாஸ்டிக் ஆகும். ஆங்கிலச் சொல் மலாயில் புகுந்து, மலாயிலிருந்து தோட்டத்துத் தமிழுக்கு வந்ததை அப்பெயர் காட்டுகிறது. மங்கு, சடக்கு, லாஸ்டிக் எனத் தோட்டத்துச் சிறுவனின் நாவில் உலவிய சொற்கள் அவன் கைப்பொருள்களைப் போன்றே பல வழிகளில் வந்து சேர்ந்தவை.

டின்னின் இறுதிப் பயன்

தோட்டத்து வீட்டில் கெட்டிப்பால் டின் காலியானவுடன் குப்பைக்குச் செல்லவில்லை. அரிசி அளக்கும் அளவையாகவும், காப்பி வாங்கிவரும் குவளையாகவும், திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்காகவும் அது பயன்பட்டது. மண்ணெண்ணெய் வந்த பெரிய சதுர டின் தண்ணீர் சுமக்கவும் தானியம் வைக்கவும் உதவியது. இப்பயன்கள் யாவும் முடிந்து, துருவேறி அடிப்பகுதி இற்ற பின்னரே அது சிறாரின் பங்காயிற்று. வீட்டுப் பொருள்களின் பயன்பாட்டு வரிசையில் சிறார் கடைசி இடத்தில் இருந்தனர். இன்று மறுபயனீடு என்னும் சொல்லால் நாம் போற்றும் வழக்கம், அன்று தேர்ந்துகொண்ட கொள்கையன்று. வேறு வழியில்லாத வாழ்க்கை முறை. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாமல் அவ்விளையாட்டுகளைப் புகழ்ந்துரைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

இருப்பினும் அக்கடைசி நிலையிலேயே டின் பல புதிய வடிவங்களை எடுத்தது. பால் டின்னின் இரு தட்டுகளிலும் நடுவே துளையிட்டுக் கம்பியைச் செலுத்தி, உள்ளே மணல் நிரப்பிக் கயிற்றால் இழுத்தால் அது சாலையமைக்கும் உருளை வண்டியாகும். நீள்வட்டச் சார்டின் டின் லாரியின் உடலாயிற்று. அறுந்த ஜப்பான் சிலிப்பரிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டுகள் அதன் சக்கரங்களாயின. இரண்டு டின்களைக் கவிழ்த்து, துளையிட்டுக் கயிறு கோத்து, அவற்றின்மேல் ஏறிக் கயிற்றைக் கையால் பிடித்து நடப்பது மற்றோர் ஆட்டம். தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டும் இது செய்யப்பட்டது. இரு டின்களின் அடியில் நூல் கோத்து விறைப்பாக இழுத்துப் பிடித்துப் பேசுவது தொலைபேசி விளையாட்டு. நூல் தளர்ந்தாலோ இடையில் எதன்மீதேனும் பட்டாலோ ஓசை செல்லாது என்பதை ஆடியவர் விரைவில் அறிந்துகொள்வர்.

குழுவாக ஆடியது டின் அடிக்கும் ஆட்டமாகும். டின்களைக் கோபுரமாக அடுக்கி, தொலைவிலிருந்து பந்தாலோ சிலிப்பராலோ அடித்துச் சிதறடிப்பர். எதிரணியார் பந்தைக் கைப்பற்றி அவர்களை அடிப்பதற்குள் மீண்டும் அடுக்கி முடிக்க வேண்டும். தமிழகத்து ஏழுகல் ஆட்டத்தின் அமைப்பே இது. கல்லின் இடத்தில் டின் வந்தது. டின் விழும் ஓசை லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கேட்கும் என்பதால் ஆட்டம் தொடங்கிவிட்டதை அறிவிக்கும் மணியாகவும் அது அமைந்தது.

பானப் புட்டிகளின் உலோக மூடிகளைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் இரு துளைகளிட்டு, நூல் கோத்து முறுக்கி இழுத்தால் அது விர்ரென்ற ஒலியுடன் சுழலும். தண்டவாளத்தின் அருகே வாழ்ந்த சிறார் மூடியைத் தண்டவாளத்தின்மேல் வைத்து இரயிலைக் கொண்டு தட்டையாக்கியதும் உண்டு. தண்டவாளத்தை நெருங்குவது ஆபத்தானது என்பதை அறிந்தே அதனைச் செய்தனர். கூர்மையான மூடியாலும் துருவேறிய டின்னாலும் ஏற்பட்ட வெட்டுக்காயங்களும் லாஸ்டிக்கால் கண்ணுக்கு நேர்ந்த இன்னல்களும் இவ்விளையாட்டுகளின் மறுபக்கமாகும்.

சிறுமியரின் ஆட்டங்கள்

சிறுவரும் சிறுமியரும் பயன்படுத்திய பொருள்களில் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகின்றது. சிறுவரின் பொருள்கள் பெரும்பாலும் இரப்பர்க்காடு, பட்டறை, கடை ஆகிய வெளியிடங்களிலிருந்து வந்தன. சிறுமியரின் பொருள்கள் வீட்டுக்குள்ளிருந்து வந்தன: உடைந்த ஓட்டுச் சில்லு, தையலில் எஞ்சிய துணி, சிரட்டை, புளியங்கொட்டை, காய்கறிப் பொட்டலத்தைக் கட்டிவந்த இரப்பர் வளையம் போன்றவை. தாய் அதிகாலையிலேயே மரம் சீவச் சென்றுவிடுவதால் இளைய உடன்பிறப்புகளைப் பேணும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளைகளின்மீது விழுந்தது. ஆயாக்கொட்டகை இருந்த தோட்டங்களிலும் இப்பொறுப்பு முற்றாக நீங்கிவிடவில்லை. ஆதலால் வீட்டு வாசலை விட்டு நீங்காமல், இடையிலே தம்பியையோ தங்கையையோ வைத்துக்கொண்டே ஆடத்தக்க ஆட்டங்கள் அவர்களுக்கு உரியவாயின. அஞ்சாங்கல்லும் பல்லாங்குழியும் அத்தகையன. மண்ணில் குழிகள் தோண்டி இரப்பர்க் கொட்டைகளை இட்டு ஆடுவதற்குப் பலகை தேவைப்படவில்லை.

இரப்பர் வளையங்களை ஒன்றோடொன்று கோத்து நீண்ட கயிறாக்கித் தாண்டும் ஆட்டம் மூவினச் சிறுமியருக்கும் பொதுவானது. இருவர் கயிற்றின் முனைகளைப் பிடிப்பர். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், தலை எனப் படிப்படியாக உயரம் கூடும். இரப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால் காலில் பட்டாலும் விழும் அச்சமில்லை. வளையம் வளையமாகச் சேர்த்த கயிறு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பலர் வீட்டு வளையங்களும் அதில் இருந்தன. கயிற்றை யார் வீட்டில் வைப்பது, அறுந்தால் யார் வளையம் தருவது என்ற வழக்குகளையெல்லாம் சிறுமியரே பேசித் தீர்த்துக்கொண்டனர்.

பட்டம் விடுதல் சிறுவரின் ஆட்டமாக இருந்தபோதிலும், அதற்கு வேண்டிய சோற்றுப் பசையும் தென்னை ஈர்க்கும் வீட்டிலிருந்தே வந்தன. தாள் பெரும்பாலும் பழைய செய்தித்தாளே. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற இதழ்கள், லயத்தில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டபின், பொட்டலமாகவும் பட்டமாகவும் உருமாறின.

இடமும் பொழுதும்

விளையாட்டுக்கு இடமும் பொழுதும் வேண்டும். லயங்களுக்கு இடைப்பட்ட முற்றம், கோயில் வெளி, பள்ளித் திடல், இரப்பர் நிறைகளின் நிழல் ஆகியவை இடங்களாயின. பொழுதோ எளிதில் கிட்டவில்லை. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. எனினும் பள்ளி முடிந்தபின் மங்கு துடைக்கவும், ஒட்டுப்பால் பொறுக்கவும், புல் வெட்டவும் பிள்ளைகள் பெற்றோருக்குத் துணைநின்றனர். விளையாட்டுப் பொழுது என்பது வேலைகளுக்கு இடையே பறித்தெடுத்த பொழுதே. கொட்டை பொறுக்குவதும் ஒட்டுப்பால் இழை உரிப்பதும் வேலையின் ஊடே நிகழ்ந்தன. வேலையும் விளையாட்டும் அங்குத் தனித்தனியே பிரிந்து நிற்கவில்லை.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1941–1945) ஏற்றுமதி நின்றது. அரிசியும் துணியும் அரிதாயின. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். அக்காலத்தில் வீட்டில் கழிக்கத்தக்க பொருள் என்று ஒன்றும் இருக்கவில்லை. பழைய கோணியும் ஆடையாயிற்று. கழிவு இல்லாத வீட்டில் கழிவிலிருந்து பொம்மை செய்வதும் அரிது. அவ்வாண்டுகளில் கொட்டையும் கல்லும் மண்ணுமே சிறாருக்கு எஞ்சின.

அதன்பின் வந்த அவசரகாலம் பேராக்கைக் கடுமையாகப் பாதித்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் கொல்லப்பட்ட நிகழ்ச்சியைத் தொடர்ந்தே அது பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் பல ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. ஊரடங்கு மாலைப்பொழுதைச் சுருக்கியது. காட்டோரம் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. உணவுக் கட்டுப்பாடு நிலவிய பகுதிகளில் டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் டின்னைத் துளையிட்டுத் தர வேண்டும் என்ற விதி இருந்தது. சேமித்துக் காட்டிலுள்ள கெரில்லாக்களுக்குக் கொடுத்துவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். 1957 முதல் 1959 வரை சுங்கை சிப்புட் பகுதியை உள்ளடக்கி நடந்த 'ஜிஞ்சர்' நடவடிக்கையில் உணவுத் தடையே முதன்மையான கருவியாக அமைந்தது. அரசு ஐயத்தோடு துளையிட்ட அதே டின், நூல் கோப்பதற்கென மற்றொரு துளையைச் சிறுவன் கையால் பெற்றது. அரசியல் வரலாறும் சிறார் வரலாறும் ஒரே பொருளில் சந்திப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கடையில் விற்ற பொம்மைகளும் முற்றாக அறியப்படாதவை அல்ல. ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் தைப்பூசத்தின்போது சாலையோரக் கடைகளில் ஊதல், பலூன், பொம்மை வண்டி ஆகியவை விற்கப்பட்டன. ஆனால், அவை ஆண்டுக்கு ஒருமுறை வாய்த்தவை. அன்றாட விளையாட்டுக்குக் கைப்பொருளே துணை.

மறைவின் காரணங்கள்

இவ்விளையாட்டுகள் மறைந்தமைக்குத் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் மட்டும் காரணமாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. வரலாற்றை உற்று நோக்கின், அவற்றின் வருகைக்கு முன்பே அடித்தளம் சரியத் தொடங்கியது தெரியவரும். 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வெளியேற்றியது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததன் பின்னணி இதுவே. அதன்பின் இரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைத் தோட்டத்தில் வெடிக்கும் காயும் இல்லை, ஒட்டுப்பாலும் இல்லை. 1985இல் ஈய விலை வீழ்ந்தபோது கிந்தாவின் சுரங்கங்களும் ஓய்ந்தன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற, குடும்பங்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் சிதறின.

பொருள்களும் மாறின. டின்னின் இடத்தை நெகிழி பிடித்தது. டிங்கிக் கொசு பெருகும் இடமாகத் தண்ணீர் தேங்கும் டின்னும் சிரட்டையும் கருதப்பட்டன. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் கொசுப் பெருக்கத்துக்கு இடமளிப்பதைக் குற்றமாக்கியது. பொதுநலத்திற்கு இன்றியமையாத சட்டமே அது. ஆயினும் வீட்டின் பின்புறம் சேர்ந்து கிடந்த டின்னும் சிரட்டையும் விளையாட்டுக்கான கருவூலம் என்னும் நிலை நீங்கி, அகற்றப்பட வேண்டிய கேடு என்னும் நிலையை அடைந்தன. அடுக்குமாடி வீட்டில் அவ்வாறான பின்புறமும் இல்லாது போயிற்று.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்களின் மறைவோடு அவற்றுள் பல மூடப்பட்டன; சில இடம்பெயர்ந்து நகர்ப்புறம் சேர்ந்தன. பேராக்கில் இன்றும் 130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. பலவற்றின் பெயரில் மட்டும் தோட்டம் எஞ்சியுள்ளது. அவசரகாலத்தில் லயத்து முற்றத்தில் விளையாடியோர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்த முதியோர். அவர்தம் நினைவிலும் விரல்களிலும் உள்ள அறிவு எழுத்தில் இல்லை. இன்னும் சில ஆண்டுகளில் அதனைக் கேட்டறிய ஆளிருக்காது.

2011இல் அறிமுகமான தொடக்கப்பள்ளித் தர அடிப்படையிலான கலைத்திட்டத்தின் உடற்கல்விப் பகுதியில் மரபு விளையாட்டுகளுக்கு இடமுண்டு. அவ்விடத்தைத் தோட்டத்து விளையாட்டுகளால் நிரப்பும் வாய்ப்பு ஆசிரியர்களுக்கு உள்ளது. மாணவர் தம் பாட்டன், பாட்டியரிடம் சென்று, ஆடிய ஆட்டத்தின் பெயர், ஆடிய தோட்டம், பயன்பட்ட பொருள், அப்பொருள் வந்த வழி, ஆட்ட விதி, தகராறு எழுந்தால் தீர்த்த முறை ஆகிய ஆறு செய்திகளைக் கேட்டு எழுதினாலே நல்லதோர் ஆவணம் உருவாகும். வட்டார வழக்குச் சொற்களைத் திருத்தாமல், சொன்னவாறே எழுதச் செய்தல் வேண்டும். இயன்றால் பாட்டனார் கையாலேயே ஒரு கொட்டைக் காற்றாடியைச் செய்யச் சொல்லி ஒவ்வொரு படியையும் படம்பிடித்து வைக்கலாம்.

அறிவியல் கற்பித்தலுக்கும் இது துணைசெய்யும். இந்தியாவில் அரவிந்த் குப்தா தீக்குச்சி, மிதிவண்டிக் குழாய், பழைய புட்டி ஆகியவற்றைக் கொண்டு செய்த விளையாட்டுப் பொருள்கள் அறிவியல் கல்வியில் பெரும் மாற்றத்தை விளைவித்தன. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் பாடமாக்கியவற்றுள் பல, நம் தோட்டத்துச் சிறார் பாடமென அறியாமல் செய்தவற்றோடு நெருங்கிய உறவுடையவை. கொட்டைக் காற்றாடியில் சுழற்சி உந்தமும், டின் தொலைபேசியில் ஒலி அதிர்வும், லாஸ்டிக்கில் தேக்கிவைத்த ஆற்றலும் உள்ளன. கூர்முனை மழுக்குதல், துருவேறிய தகட்டைத் தவிர்த்தல், லாஸ்டிக்கை இலக்குப் பலகைக்கு மட்டும் பயன்படுத்துதல் ஆகிய எச்சரிக்கைகளோடு இவற்றை வகுப்பறைக்குக் கொணர்வதில் தடையில்லை.

முடிவுரை

சிறாருக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டுச் சிறார் உரிமை உடன்படிக்கை தன் 31ஆம் விதியில் கூறுகிறது. மலேசியா அதனை 1995இல் ஏற்றது. அத்தகைய உரிமை எழுத்தில் இல்லாத காலத்தில், வேலைக்கும் ஊரடங்குக்கும் இடையே, தமக்கென எதுவும் வாங்கித் தரப்படாத நிலையில், பேராக் தோட்டத்துப் பிள்ளைகள் அதனைத் தாமே எடுத்துக்கொண்டனர். ஈயமும் இரப்பரும் எத்தனை டன் ஏற்றுமதியாயின என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அவற்றின் எச்சத்திலிருந்து எத்தனை வண்டிகளும் பந்துகளும் உருவாயின என்பதற்கு இல்லை. அந்த எண்ணிக்கையை இனி எவராலும் தர இயலாது. செய்முறையையும் விதிகளையும் பெயர்களையும் மட்டும் இன்னும் மீட்க இயலும். தமிழ்த்துறைகளும் தமிழ்ப்பள்ளிகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க அப்பணி காலந்தாழ்த்தாது தொடங்கப்பெறுதல் வேண்டும்.